மழையைக் கூட்டிக்கொண்டு ஓசூருக்கு

போன வாரம் ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு கடையில் இருமல் மருந்து வாங்கப் போனேன். நான் கை வைப்பதற்குள் கண்ணாடிக் கதவு தானாகவே விலகிக்கொண்டது. திகைத்துப்போய் ஓரடி பின்னால் வந்தேன், மூடிக்கொண்டது. முன்னால் போனேன், திறந்தது. இப்படி நாலு தடவை போய் வந்ததும் உள்ளேயிருந்த பெண், "உள்ள வாங்க தாத்தா, கதவு ஒண்ணும் பண்ணாது" என்றாள். மேலே பலகையில் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் என்று எழுதியிருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, நான் கதவுக்குப் பயப்படவில்லை என்று. ஓசூரில் ஒரு கடை எனக்காகத் திறக்கிறதே என்ற திகைப்புதான் அது.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். அங்கே ஒரு கான்ட்ராக்டரிடம் நான் டைம்கீப்பர். விடியற்காலையில் ஆஜர் புஸ்தகத்தோடு நின்று, மண் சுமக்க வந்தவர்கள் பெயரைக் கூப்பிட வேண்டும். ஆட்களாவது பதில் சொல்வார்கள். மண் சுமக்கிற கழுதைகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தது. அவற்றைக் கூப்பிட முடியாது, எண்ணத்தான் வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் ஒன்று இடம் மாறிவிடும். ஈரக் கழுதையின் வாசனை என்ன என்று நீங்கள் கேட்டால் இன்றைக்கும் என்னால் மூக்கை மூடிக்கொண்டு சொல்ல முடியும்.

எங்களுக்கு ஞாயிறு, திங்கள் கிடையாது. நோன்பு, பண்டிகை கிடையாது. மழை பெய்தால் மண் வேலை நிற்கும். மண் வேலை நின்றால் லீவு. வானம் கறுத்தால் ஊரில் குடியானவர்கள் கும்பிட்டார்களோ இல்லையோ, நான் கும்பிட்டேன்.

ஏனென்றால் எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பெங்களூரில் பழைய சாமான் விற்கிற தெருவில் ஒரு பெட்டிக் கேமரா வாங்கியிருந்தேன். கறுப்பாக, சதுரமாக, பார்த்தால் எலிப்பொறி மாதிரி இருக்கும். எங்கள் கூட்டாளி அந்தோணி அதற்குள் தேங்காய்ச் சில்லு வைத்துப் பார்த்ததாகக்கூடச் சொல்வான். அதில் பெரும்பாலும் பாறைகளைத்தான் எடுப்பேன். கிருஷ்ணகிரிச் சீமையில் பாறைக்குப் பஞ்சமில்லை. தவிர, பாறை ஒன்றுதான் நான் தயாராகும் வரை அசையாமல் நிற்கும்.

எடுப்பது சுலபம். கழுவுவதுதான் கஷ்டம். கிருஷ்ணகிரியில் எனக்குத் தெரிந்த ஸ்டூடியோக்காரர் கண்ணாடித் தகடு காலத்து மனிதர். சுருள் பிலிமை நீட்டினால், "இதெல்லாம் வெளையாட்டுச் சாமான், எடுத்துட்டுப் போ" என்பார். ஓசூரில் நாராயணப்பா என்று ஒருவர் கழுவிக் கொடுப்பதாகச் சொன்னார்கள். சூளகிரி வழியாக ரெண்டு மணி நேர பஸ். போனால் போகிறது, பாறைதானே, எப்போது கழுவினால் என்ன என்றுதான் ரொம்ப நாள் இருந்தேன். பாறையோடு என் கல்யாணமும் அதே சுருளில் ஏறும் வரைக்கும்.

காவேரிப்பட்டினத்தில் ஒரு மாங்காய் மண்டிக்காரர் மகளை எனக்குப் பேசினார்கள். பேசிய தரகர் ஆர்வத்தில் ஒரு வார்த்தை கூடுதலாக விட்டுவிட்டார்: "மாப்பிள்ளை சொந்தமா கேமரா வெச்சிருக்காருங்க." பெண் எட்டாவது வரை படித்தவள். உடனே கேட்டுவிட்டாள், "அப்படின்னா போட்டோ அனுப்பச் சொல்லுங்க. பாத்துட்டுச் சொல்றேன்." தர்மபுரியில் ரைஸ் மில்காரர் ஒருவர் ஜரிகைத் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்து எடுத்த போட்டோ அவர்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டதாம். கார்த்திகை முடிவதற்குள் என் போட்டோ வரவேண்டும், மார்கழி பிறந்தால் பேச்சு ரைஸ் மில் பக்கம் போய்விடும் என்று தரகர் கார்டு போட்டார்.

"கிருஷ்ணகிரியில போயி ஒரு போட்டோ புடிச்சிக்கிட்டு வாயேண்டா" என்றான் அந்தோணி.

"வீட்ல பசு மாடு வெச்சிருக்கறவன் காசு குடுத்துப் பால் வாங்கினா ஊர் சிரிக்காதா?"

"உன் மாடு இதுவரைக்கும் கறந்ததே இல்லியேடா."

இருந்தாலும் நல்லவன். மேஸ்திரியின் கோட்டை எனக்காக இரவல் வாங்கி வந்தான். ஆற்றங்கரைப் பாறைமேல் என்னை ஏற்றி, ஒரு கையை இடுப்பில் வைக்கச் சொல்லி, எட்டாவது படமாக என்னை எடுத்தான். அதோடு சுருள் முடிந்தது.

கடைக்கு ரெண்டு தடவை அலைய முடியாது என்பதால் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். மண்டிக்காரர் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி, ஒரு கவர் தயார் பண்ணினேன். கழுவி, காயவைத்து, எட்டாவது படத்தை மட்டும் இதில் போட்டு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். என்னை நானே மெச்சிக்கொண்டேன். புத்திசாலித்தனம் என்று நான் நினைத்துச் செய்த காரியங்களுக்கு ஒரு பட்டியல் போட்டால் இதுதான் முதலில் வரும்.

ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. ஆஜர் புஸ்தகத்தை மூடிவிட்டு, சுருளையும் கவரையும் எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். நனைந்து நடுங்கி ஓசூரில் இறங்கினால் ஸ்டூடியோ பூட்டியிருந்தது. பக்கத்தில் வெற்றிலைக் கடை. முனியம்மா என்று ஒரு அம்மாள், தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டேன். "இப்புடே ஒஸ்தாரு" என்றாள் தெலுங்கில். இப்போது வந்துவிடுவார். மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். வரவில்லை.

அடுத்த மழைக்கு மறுபடி போனேன். பூட்டு. முனியம்மா இந்தத் தடவை கன்னடத்தில், "ஈக பர்த்தாரெ" என்றாள். அதே சேதிதான், பாஷைதான் வேறு. எனக்கு ஏதோ முன்னேற்றம் மாதிரிதான் பட்டது. சாயங்காலம் வரை இருந்துவிட்டு, சுருளையும் கவரையும் அவளிடமே நீட்டினேன்.

"அவரு வந்தா குடுத்துடுங்கம்மா. எட்டாவது படம், இந்தக் கவர். அவ்ளோதான்."

"ஐயய்ய, ஆளில்லாத கடைச் சாமானை நான் தொடமாட்டேன். நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா முனியம்மாதான்னு சொல்வீங்க."

"ஒண்ணும் ஆகாதும்மா, கெஞ்சிக் கேக்கறேன்."

"கெஞ்சினா வெத்தலை வாங்கு."

வெற்றிலை போடும் பழக்கமில்லாத நான் ஒரு கவுளி வெற்றிலையோடு கிருஷ்ணகிரிக்குத் திரும்பினேன். அந்தோணிதான் ரெண்டு நாள் சிவந்த வாயோடு திரிந்தான்.

மூன்றாவது தடவை கார்த்திகை பாதி ஓடிவிட்டது. சூளகிரியில் மழையில் பஸ் நின்றபோது, கடைக்காரரைப் பார்த்தால் என்னென்ன கேட்பது என்று வசனம் தயார் செய்தேன். பூட்டைத்தான் பார்த்தேன். அதனால் முழு வசனத்தையும் முனியம்மாவிடம் சொன்னேன். கடை என்று வைத்தால் திறக்க வேண்டாமா, முப்பது கல் தொலைவிலிருந்து வருகிறவன் மனுஷன் இல்லையா, இவருக்கு எதற்கு ஸ்டூடியோ, பேசாமல் வீட்டிலேயே படுத்துத் தூங்கலாமே என்று கத்தினேன்.

அவள் கோபப்படவில்லை. வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ஏம்ப்பா, நீ என்னா எப்பப் பாத்தாலும் மழையைக் கூட்டிக்கிட்டே வர்ற?"

"மழை பேஞ்சாத்தாம்மா எனக்கு லீவு."

"வெயில் அடிச்சாத்தானேப்பா அவருக்குக் கடை!"

அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். ஸ்டூடியோ கூரையில் பாதி கண்ணாடி. கரண்ட் கிடையாது. ஆளை உட்கார வைத்துப் படம் எடுப்பதும் அந்த வெளிச்சத்தில்தான். கழுவிய பிலிமைத் தாளோடு சேர்த்துச் சட்டத்தில் மாட்டி வெயிலில் காட்டிப் படம் போடுவதும் அந்த வெளிச்சத்தில்தான். மப்பு போட்டால் மனிதர் பூட்டிக்கொண்டு கொல்லைக்குக் கத்திரிச் செடி பார்க்கப் போய்விடுவார். மழை பெய்தால் மட்டும் வரும் நான். வெயில் அடித்தால் மட்டும் திறக்கும் அவர். ஆயுசு முழுக்க நான் அந்த பஸ்ஸில் போய் வந்திருந்தாலும் நாங்கள் சந்தித்திருக்க மாட்டோம்.

"இதை முதல் நாளே சொல்லக் கூடாதாம்மா?"

"நீ கடை எப்பத் தொறக்கும்னா கேட்ட? ஆளு எப்ப வருவாருன்னுதானே கேட்ட?"

கார்த்திகை முடிய மூன்று நாள் இருக்கும்போது வானம் பளிச்சென்று வெளுத்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டேன். அந்தோணி மேஸ்திரியிடம் போய், "தாங்கறது கஷ்டம்ணா, ஆஸ்பத்திரிக்கே போகணுமாட்டங்குது" என்று அழாத குறையாகச் சொன்னான். அதன் பலனாக அடுத்த ஒரு வாரம் மேஸ்திரி எனக்குத் தினம் ரெண்டு வேளை பெருங்காயம் கரைத்த மோரைத் தம் கையாலேயே புகட்டினார் என்பது தனிக் கதை.

கடை திறந்திருந்தது! வாசலில் வெயில் பாய் விரித்த மாதிரி கிடந்தது. நாராயணப்பா ஒல்லியாக, பஞ்சகச்சமும் சட்டையுமாக இருந்தார். நான் இத்தனை நாள் மனதுக்குள் திட்டியதெல்லாம் வேறு யாரையோ என்று தோன்றும்படி, "ரண்டி, ரண்டி" என்று வரவேற்றார். சுருளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மருந்து நெடி வந்தது. ஒரு மணி நேரம் கழித்துச் சட்டத்தோடு வெளியே வந்து, வெயிலில் தூக்கிப் பிடித்து, "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று எண்ணிக்கொண்டே நின்றார். கவரை எடுத்து நீட்டி என் ஏற்பாட்டைச் சொன்னேன்.

"ஓ, தாராளமா. கொஞ்ச நாளா எனக்குக் கண்ணு சரியில்ல. நம்பர் பாத்து எடுத்து, கவர்ல போட்டு ஒட்டிடுவேன். படத்தைப் பாக்கற வழக்கம் இல்ல" என்றார்.

இருந்தாலும் நேரில் இருக்கிறேனே, ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, அவர் மருந்தில் அலசி எடுத்து வந்த ஈரத் தாளை வாங்கிப் பார்த்தேன்.

கோட்டு நன்றாக வந்திருந்தது. இடுப்பில் கையும் வந்திருந்தது. அதற்கு மேலே, என் முகம் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு கழுதை சாந்தமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முகத்துக்குள் எங்கேயோ என் மூக்கும் மீசையும் கலங்கலாகத் தெரிந்தன. ரெண்டு காதுகள் மட்டும் துல்லியம்.

அந்தோணி என்னைப் பாறைமேல் ஏற்றி எடுத்த அன்று காலையில், ஆஜர் எடுக்கும்போது ஆசைக்கு ஒரு கழுதையைப் படம் பிடித்திருந்தேன். அந்தக் கேமராவில் ஒரு படம் எடுத்ததும் குமிழைத் திருகி பிலிமை நகர்த்த வேண்டும். திருகாவிட்டால் அடுத்த படமும் அதன் மேலேயே விழும். நான் திருகவில்லை. அந்தோணிமேல் பழி போடலாம் என்று ரொம்ப யோசித்தேன், வழியில்லை.

நாராயணப்பா தாளைத் தூரத்திலும் கிட்டத்திலும் வைத்துப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் கேட்டார். "இதுல மாப்பிள்ள எது?"

நான் பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டேன். துக்கத்தால் இல்லை. அந்தக் கடை முதல் நாளே திறந்திருந்தால்? முனியம்மா கொஞ்சம் இளகிய மனசுக்காரியாக இருந்திருந்தால்? கழுதை மூஞ்சியோடு, மாப்பிள்ளை போட்டோ என்ற பெயரோடு, அந்தப் படம் நான் பார்க்காமலேயே காவேரிப்பட்டினம் போய்ச் சேர்ந்திருக்கும். மூன்று தடவை நான் சபித்த பூட்டுக்கு அன்றைக்கு ஒரு முழம் பூ வாங்கிச் சாத்தியிருப்பேன்.

வைராக்கியத்தை விட்டுக் காசு கொடுத்துப் பால் வாங்கவே தயாரானேன். என்னைக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே உட்கார வைத்தார். தலையைச் சாய்த்தார், தாடையைத் தூக்கினார், கறுப்புத் துணிக்குள் நுழைந்தார். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். ஒரு மேகம், வெறும் கைக்குட்டை அளவு, வந்து நின்றது. பின்னாலேயே அதன் அண்ணன் தம்பிகள்.

"மப்பு போட்டுடிச்சி. ரேப்பு ரா" என்றார். நாளைக்கு வா! என் எதிரிலேயே பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு கத்திரிச் செடியைப் பார்க்கப் போய்விட்டார்.

நாளைக்கு எனக்கு வயிற்றுவலி கிடைக்காது. கிருஷ்ணகிரி வந்ததும் அணைப் பக்கம் போகாமல், அப்படியே காவேரிப்பட்டினம் பஸ் ஏறினேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மண்டிக்காரர் வீட்டு வாசலில் நின்றேன்.

"யாருப்பா?"

"போட்டோ கேட்டிருந்தீங்களாமே…"

"தபால்காரனா? புதுசா இருக்கே."

"இல்லீங்க. மாப்பிள்ளைங்க."

அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. "பொண்ணு பாக்கறவன் நல்ல நாள் பாத்து நாலு பேரோட வருவான். இருட்டற நேரத்துல தனியா வர்றவன் ஆடு புடிக்க வர்றவன்" என்றார்.

உள்ளேயிருந்து ஒரு குரல். "போட்டோ இருந்தா வாங்குங்கப்பா."

கொடுத்தேன். அவர் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். உள்ளே நீட்டினார். எனக்கு ரைஸ் மில் ஓடுகிற சத்தம் காதில் கேட்டது.

"இதைக் கிழிச்சுப் போட்டிருக்கலாமே? எதுக்குக் கொண்டாந்தீங்க?" என்றது குரல்.

"என் கேமராவுல நான் இருக்கற படம் இது ஒண்ணுதாங்க."

முதலில் ஒரு தும்மல் மாதிரி வந்தது. பிறகு சிரிப்பு. அடக்கி, அடக்க முடியாமல், பாத்திரம் ஏதோ உருண்டு, அவள் அம்மாவும் சேர்ந்துகொண்டு, கடைசியில் மண்டிக்காரரே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் காபி வந்தது. அந்த வீட்டில் பிடிக்காத ஆளுக்கு மோர்தான் கொடுப்பார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

தையில் கல்யாணம். அதற்கப்புறம் ஓசூரில் தொழிற்பேட்டை வந்து, கரண்ட் கம்பம் வந்து, வெயிலை எதிர்பார்க்கிற கடைகள் ஒவ்வொன்றாகப் போயின. கண்ணாடிக் கூரை இருந்த இடம் எது என்று இப்போது என்னால் அடையாளம் காட்ட முடியாது. முனியம்மா கடை இருந்த இடத்தில் பஸ்கள் திரும்புகின்றன. என் கேமராவை மகன்கள் உருட்டி விளையாடியே தீர்த்தார்கள்.

அந்தப் படத்தை மட்டும் என் மனைவி டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள். வெயில் இருக்கும்போதே முடித்துவிடுகிற அவசரத்தில் நாராயணப்பா மருந்தில் சரியாக அலசவில்லை போலிருக்கிறது, வருஷத்துக்கு வருஷம் வெளுத்துக்கொண்டே வந்தது. முதலில் நான் போனேன். அப்புறம் கோட்டு. காதுகள் ரெண்டும் பேரப்பிள்ளைகள் பிறக்கும் வரை தாக்குப்பிடித்தன. இப்போது அது வெறும் பழுப்புத் தாள்.

போன தீபாவளிக்குப் பேத்தி அதைக் கையில் எடுத்து, "இதுல ஒண்ணுமே இல்லியே பாட்டி?" என்று கேட்டாள்.

"நல்லாப் பாருடி. உங்க தாத்தா தனியா வந்து மூஞ்சி வெளுத்துப்போயி நின்னாரே, அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்காரு" என்றாள் அவள்.