மாமா மூச்சு வாங்கிய இடம்

ரொட்டிக்கடை ஈனிட்டுக்குத் தாய்மாமன் ஜேபஸ். இங்கிலாந்தில் ஆஷ்கோம் ஊரின் மோரிஸ் ஆட்டத்துக்கு, சலங்கை கட்டிக் கைக்குட்டை வீசி ஆடும் கிராமத்து ஆட்டத்துக்கு, கடைசியாகப் பிடில் வாசித்தவர் அவர்தான். முதல் உலகப் போருக்குப் போன பையன்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. ஆட்டம் அதோடு நின்றது. பிறகு மாமா நெஞ்சுச்சளியோடு படுக்கையில் கிடந்தபோது, பிடிலைத் தூக்கத் தெம்பில்லாமல் மெட்டுகளை வாயால் முனகுவார். சூப் கொண்டுபோகும் சிறுமி ஈனிட்டின் காதில் அவை ஒட்டிக்கொண்டன. நடுநடுவே மூச்சு முட்டி அவர் இழுத்து நிறுத்துவதை மட்டும் அவள் விட்டுவிட்டாள். பாவம், சீக்காளி.

அவளுக்குத் தலை நரைத்த காலத்தில் ஆட்டத்தை மறுபடி தொடங்கியவர் கசாப்புக்கடை பெர்சி, அவளுடைய அக்காள் மேபலின் புருஷன். மலை மாதிரி ஆள். தன்னோடு ஐந்து பேரைச் சேர்த்துக் காலில் சலங்கை கட்டவைத்தார். மெட்டு ஈனிட்டிடம் இருந்தது. தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசித்த கை, அக்கார்டியனுக்கும் பழகிவிட்டது.

ஆனால் ஒத்திகை கூடிவரவில்லை. கைக்குட்டையை வீசி எல்லாரும் எம்பிக் குதிக்கிற இடத்தில், கால் தரைக்கு வருமுன் பாட்டு ஓடிவிடும்.

“என்ன மச்சினி, ரயிலுக்கா நேரமாச்சு?” என்றார் பெர்சி.

“நீங்க தின்ன பன்னிக்கறியெல்லாம் மேல போயி கீழ வர்றதுக்குள்ள பாட்டே முடிஞ்சிடுது அத்தான். நான் என்ன பண்ண?”

எல்லாரும் சிரித்தார்கள். பெர்சியும் சிரித்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: “கோச்சுக்காத. பெந்தெகொஸ்தே பண்டிகைத் திங்கள்ல ஊரு முன்னால ஆடணும். அதுக்குள்ள சரிவரலேன்னா பக்கத்து ஊரு பிடில்காரரைத்தான் கூப்பிடணும்.”

“அவரு அவங்க ஊரு மெட்டத்தான வாசிப்பாரு? மாமா மெட்டு என்னாகும்?”

பெர்சி சலங்கையை அவிழ்க்கக் குனிந்தார்.

கடைசி ஒத்திகையில் ஈனிட் கோபத்தில், வழக்கம்போல் கட்டைகளைப் பார்க்காமல், பெர்சியையே முறைத்துக்கொண்டு வாசித்தாள். அவர் எம்பினார். அத்தனை பெரிய உடம்பு அந்தரத்தில் நிற்பதை அன்றுதான் கண்டாள். சரியாக அந்த இடத்தில்தான் மாமா இழுத்து நிறுத்துவார். அவருக்கு மூச்சு முட்டவில்லை. படுக்கையில் கிடந்தபடி, குதித்தவர்கள் இறங்கக் காத்திருந்திருக்கிறார்.

ஈனிட் அக்கார்டியனின் துருத்தியை இழுத்து, அந்தச் சுரத்திலேயே பிடித்தாள். ஆறு பேர் சலங்கையும் ஒரே சத்தமாகத் தரையில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் அடுத்த வரி.

“இன்னொரு தடவை. இன்னும் ஒசரமா குதிங்க அத்தான், நான் நிக்கிறேன்” என்றாள்.

திங்கட்கிழமை மதுக்கடை வாசலில் ஊரே திரண்டிருந்தது. பெர்சிக்கு ஏக உற்சாகம், வேண்டுமென்றே உயர உயரக் குதித்தார். ஈனிட்டும் சளைக்காமல் சுரத்தை நீட்டிக்கொண்டே நின்றாள்.

கூட்டத்திலிருந்து மேபல் கத்தினாள்: “அடியே, போதும்டி! என் புருஷனைச் சீக்கிரம் தரைக்குக் கொண்டுவாடி!”