கண் சிமிட்டாத நாற்பத்தெட்டு நாள்

2007 ஆடியில் ஒரு புதன்கிழமை, நானும் மனைவி செல்வியும் திருவண்ணாமலையிலிருந்து புதுச்சேரிக்குப் போனோம். என் கண்ணைப் படம் எடுக்கத்தான். வேங்கிக்காலில் ஓர் ஆபீசில் எனக்குத் தட்டச்சு வேலை. இரண்டு வாரமாக எந்த எழுத்தைப் பார்த்தாலும் நடுவில் ஒரு புள்ளி மறைத்தது. ஊர் டாக்டர், "மேலுக்கு ஒண்ணும் தெரியல, ஓசிடி எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார். வேலை போய்விடுமோ என்று பயம்.

காலை 5.40 பஸ். 105 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், ஆளுக்கு 36 ரூபாய். ஒரு கண்ணைப் பொத்திப் பெயர்ப்பலகை படிப்பேன், பிறகு மறு கண்ணை. கீழ்பென்னாத்தூர் வருவதற்குள் நான்கு முறை எழுந்து உட்கார்ந்தேன்.

"இன்னா சார், மூட்டப்பூச்சி ஜாஸ்தியா?" என்றார் கண்டக்டர்.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். ஓசிடி என்பது விழித்திரையை வெட்டாமலே அடுக்கடுக்காகக் காட்டும் மெஷின். வலியில்லை. தாடையை வைத்து உள்ளே தெரியும் பச்சை வெளிச்சத்தைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். என் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

படம் எடுத்த பெண், "எல்லாரும் சிமிட்டிக் கெடுப்பாங்க. நீங்க பழகுன மாதிரி பாக்குறீங்களே" என்றாள்.

பின்னால் நின்ற செல்வி, "அவரு பழகலியே" என்றாள்.

பழகியிருந்தேன். கண் கொட்டாமல் சூரியனைப் பார்த்தால் மனசு அடங்கும் என்று ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்திருந்த ஒருவர் சொன்னார். கூடவே கூடாது என்று செல்வி சண்டை போட்டாள். நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கிரிவலப் பாதையில் சூரியலிங்கம் பக்கம் நின்று ஒரு மண்டலம் பார்த்தேன்.

டாக்டர் படத்தில் விழித்திரையின் வெளி அடுக்கைக் காட்டினார். ஒளியை வாங்கும் அந்த இடத்தில் சின்னதாக ஓர் அறுபட்ட கோடு. "சூரியனைப் பாத்தீங்களா?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தேங்க. நாப்பத்தெட்டு நாள்."

"இதுக்குன்னு மருந்து கெடையாது. சில மாசத்துல பார்வை தேறலாம். புள்ளி முழுசா போகும்னு உறுதி சொல்லமுடியாது. இனிமே பாக்காதீங்க."

போகிறவர்களுக்கு: மாலைவரை பார்வை மங்கும், கூட ஆள் வேண்டும். கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்பதற்கு முன்பே உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

திரும்புகையில் 3.30 பஸ். மேற்கே போகிற வண்டி, முன்கண்ணாடி முழுக்க வெயில். திண்டிவனம் தாண்டியதும் செல்வி கேட்டாள்: "மனசு அடங்குச்சா?"

"இல்ல."

முந்தானையை இழுத்து என் கண்மேல் போட்டாள். ஊர் வரும்வரை நான் அசையவில்லை.