நடுவில் இருட்டு

அக்டோபர் 14, செவ்வாய். வழக்கம்போல் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, கீரை வாங்கிக்கொண்டு நடந்தேன். எங்கள் தெருமுனை வடிகாலுக்குள் ஒரு பூனைக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. வானம் கறுத்திருந்தது, மழை பெய்தால் வடிகால் நிரம்பிவிடும்.

ஆட்டோக்காரர் ஒருவர் மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, குப்புறப் படுத்து டார்ச் அடித்தார். கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தார். பேசும்போதெல்லாம் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டார்.

"நானே செஞ்சது சார். ஒரே கிண்ணத்துல நாலு எல்இடி. கடையில இந்த வெளிச்சம் கிடைக்காது."

வெளிச்சம் நாலாபுறமும் பரந்தது. நடுவில் மட்டும் வட்டமாக இருட்டு. நாலில் ஒன்றுகூட, வெளிச்சத்தைக் குவிக்கும் அந்தப் பளபளப்பான கிண்ணத்தின் மையத்தில் இல்லை.

"சுவரெல்லாம் நன்னாத் தெரியறது, குட்டி எங்கே?" என்றேன்.

"இன்னா சார், நக்கலா?" என்றவர், மறுபடி எட்டிப் பார்த்தார். "கரெக்டுதான். பாக்கவேண்டிய எடத்துலதான் இருட்டு கீது."

சட்டென எழுந்து ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சலித்துப் போய்விட்டார் என்றே நினைத்தேன். ராத்திரி விழுந்த தூறல் வலுக்கவில்லை, ஆனால் குட்டியின் கத்தல் ஓயாததால் தூங்க முடியவில்லை.

மறுநாள் காலை காபிகூடக் குடிக்காமல் அங்கே போனேன். அவர் எனக்கு முன்பே வந்து படுத்திருந்தார்.

"மூணைப் புடுங்கிட்டேன் சார். ஒண்ணே ஒண்ணு, நட்டநடுவுல."

மெலிந்த வெளிச்சத்தின் கடைசியில் இரண்டு கண்கள் மின்னின.

"என் காலைப் புடிச்சிக்க சார்," என்று உள்ளே சரிந்தார். இறுகப் பிடித்துக்கொண்டேன்.