வெள்ளக்கடையில் மூன்று அடுப்பு, ஒரு கதவு எண்

மக்கள்தொகை அடர்த்தி பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்ச் மாணவி ஒருத்தி கை தூக்கினாள். "மிஸ், ஏற்காட்டுல நிக்க எடமில்லைன்னு எங்கப்பா சொல்றாரு. அது நம்மள மாதிரி போறவங்க கூட்டமா, அங்கயே இருக்கறவங்க கூட்டமா?" இரண்டும்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னது இரண்டு வாரம் உறுத்திக்கொண்டே இருந்தது. நாமக்கல்லில் இருந்துகொண்டு, மூன்று மணி நேரத்தில் ஏறிவிடக்கூடிய மலையைப் பற்றி ஒரு புவியியல் டீச்சருக்கு இதுகூடத் தெரியாதா? ஜனவரிக் கடைசியில் வியாழனும் வெள்ளியும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அதிகாலை 5.10-க்கு நாமக்கல் பேருந்து. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் 6.50-க்கு ஏற்காடு வண்டி கிடைத்தது. சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒன்றே கால் மணி நேரம். டிக்கெட் முப்பத்து சொச்சம் ரூபாய். சில்லறையாகக் கொடுத்தால் நடத்துநர் சிரிப்பார். வார நாள்தானே, ஜன்னல் ஓரம் கிடைக்கும் என்று நம்பிப் போனேன். உட்கார இடமே இல்லை. எனக்கு எதையும் எண்ணிப் பார்க்கிற வியாதி உண்டு (வீட்டில் திட்டு வாங்கியும் போகவில்லை). நின்றவர்களை எண்ணினேன், முப்பத்தொரு பேர்.

"ஏங்க, இவ்வளவு பேரும் டூரிஸ்டா?" என்று நடத்துநரிடம் கேட்டேன்.

"டூரிஸ்ட் எந்திரிக்கவே மணி பத்தாகுமுங்க. இவுங்க எல்லாம் அவுங்களுக்கு இட்லி ஊத்தப் போறவுங்க."

அது உண்மைதான். ஏரி நிறுத்தத்தில் இறங்கியவர்களில் பாதிப்பேர் நேராக ஓட்டல்களின் பின்வாசலுக்குப் போனார்கள். காலையில் சமவெளியிலிருந்து ஏறி, மாலையில் இறங்குகிறவர்கள். மலையில் ஒரு ராத்திரிகூடத் தூங்காதவர்களை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது? என் பாடப்புத்தகத்தில் இதற்கு வரி இல்லை.

பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு லாட்ஜ். வார நாள் என்பதால் 1,100 ரூபாய். சனி, ஞாயிறு என்றால் இதே அறை 2,600 என்று வரவேற்பில் இருந்தவர் கூச்சமே இல்லாமல் சொன்னார். குளித்துவிட்டு ஏரியைச் சுற்றினேன். மதியம் ஆட்டோவில் கரடியூர் போனேன்; போகவர 550, அரை மணி நேரம் காத்திருப்பும் சேர்த்து. காட்சி முனையில் எல்லோரும் கீழே பள்ளத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி நின்று ஊரைப் பார்த்தேன். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே பச்சை, ரோஸ், நீலம் என்று புதுச் சுண்ணாம்படித்த சுவர்கள். இவை ரிசார்ட் இல்லை. துணி காய்கிறது, கோழி மேய்கிறது, வாசலில் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். இந்த வீடுகளில் இருப்பவர்கள் யாரும் வெளியூரிலிருந்து வந்தவர்களாகத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்குப் பயணம் சூடு பிடித்தது.

வெள்ளிக்கிழமை காலை 7.45. வெள்ளக்கடைப் பக்கம் போகும் ஷேர் ஜீப்பில் முன் சீட்டில் மூன்றாவது ஆளாக ஒட்டிக்கொண்டேன். 30 ரூபாய். பின்னால் பன்னிரண்டு பேர், இரண்டு மூட்டை, ஒரு கேஸ் சிலிண்டர். ஓட்டுநர் வேலுவுக்கு நாற்பது வயதிருக்கும். நான் எண்ணுவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"ஆர்டிஓ ஆபீஸுங்களா?"

டீச்சர் என்றதும் மூச்சு விட்டார். வந்த காரணத்தைச் சொன்னேன். உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன்.

"ஒரே ஊடு, பதினாலு பேருங்க. நம்பலைன்னா வந்து எண்ணிப் பாருங்க. இன்னைக்குப் பதினோரு மணிக்குப் பஞ்சாயத்துல இருந்து இன்னொருத்தரும் எண்ண வர்றாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா எண்ணிக்கலாம்."

வேலுவின் குடியிருப்பு வெள்ளக்கடையைத் தாண்டி ஒன்றரை கிலோமீட்டர். கடைசி அரை கிலோமீட்டர் மண் பாதை. மேட்டில் நீளமாக ஓர் ஓட்டு வீடு. அதன் இடப்பக்கம் ஹாலோ பிளாக் வைத்துக் கட்டிய ஒரு அறை, வலப்பக்கம் தகரக் கூரை போட்ட இன்னொன்று. வாசலில் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய், அதைச் சுற்றிப் பதினேழு குடங்கள். முன்கட்டில் வேலுவின் அண்ணன் குடும்பம், ஐந்து பேர். வலப்பக்கத் தகர அறையில் தம்பி குடும்பம், நான்கு பேர். இடப்பக்கத்து அறையில் வேலு, மனைவி செல்வி, இரண்டு பெண் பிள்ளைகள். ஆக நான்கு. பதினான்காவது ஆள் அப்பா கோவிந்தன், எழுபத்தெட்டு வயது. முன்கட்டில் ஒரு கட்டிலில் படுத்துக்கொள்கிறார். சாப்பாடு மூன்று அடுப்பிலிருந்தும் முறை போட்டு வருகிறது.

"மூணு அடுப்பா? அப்புறம் எப்படி ஒரே வீடு?" என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

செல்வி என்னைத் தன் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். "மெதுவாப் பேசுங்க டீச்சர். மாமாவுக்குக் காது நல்லாக் கேக்கும்."

விஷயம் இதுதான். அந்த ஊரில் பிள்ளைகளுக்குக் கல்யாணமானால் தனி அடுப்பு போட்டுக்கொள்வார்கள், அதில் யாருக்கும் குறை இல்லை. ஆனால் அப்பா உயிரோடு இருக்கும்வரை வீடு பிரிந்துவிட்டது என்று வெளி ஆளிடம் வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் அப்பா போய்விட்டார் என்று சொன்ன மாதிரி. பல வருடங்களுக்கு முன்னால் குழாய் போட வீடு எண்ண வந்தபோது, ஊரில் அத்தனை பேரும் கூடுதல் அடுப்புகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, "ஒரே ஊடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"நானே எங்க அடுப்ப மூடி வெச்சனுங்க," என்றாள் செல்வி. "சூடு ஆறலை. சாக்கு கருகிப் போச்சு. நொம்ப மரியாதையா இருக்கறோம்னு நெனப்பு."

வந்தவர் பார்த்ததை எழுதிக்கொண்டு போனார். அந்தப் பட்டியலில் ஊரில் இருபத்து நான்கு வீடுகள். தொட்டியும் அந்த அளவுக்கே கட்டப்பட்டது. அன்று நான் நடந்து எண்ணியதில் அறுபத்து மூன்று கதவுகள். (பசு மாட்டுக் கொட்டகைகளைச் சேர்க்கவில்லை.) காலை ஆறு மணிக்குத் தண்ணீர் திறந்தால் ஆறே முக்காலுக்கு நின்றுவிடும். மூத்த மருமகள் முதலில், செல்வி அடுத்து, தம்பி மனைவிக்கு உடம்பு முடியாததால் அவள் குடங்களையும் செல்விதான் நிரப்ப வேண்டும். மிச்சத்துக்கு ஊற்றுக்கு நடை. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க எட்டு மணிக்கு நிற்க வேண்டும் (அன்று எண்ண வருகிறார்கள் என்று லீவு போட்டிருந்தாள்), தாமதமானால் கணக்கெழுதும் ரைட்டர் அரை நாள் கூலிதான் போடுவார். பெரிய பெண் அம்மாவோடு ஊற்றுக்குப் போய்விட்டு வருவதில் வாரத்துக்கு இரண்டு நாள் பள்ளிக்கூட பஸ்ஸைத் தவறவிடுகிறாள். இப்போது பத்தாவது படிக்கிறாள்.

"தனிக் கதவு நம்பர் கெடைச்சாத்தான் தனிக் குழாய். இன்னைக்கு எழுதாம வுட்டா இனி எப்ப எண்ண வருவாங்களோ. இவரு சொல்லமாட்டாரு, மூத்தாரும் சொல்லமாட்டாரு. நாஞ் சொன்னா மருமவ ஊட்டப் பிரிச்சிட்டான்னு ஆயிடும்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

பதினோரு மணி ஆக நேரம் இருந்தது. வெளியே கோவிந்தன் வெயிலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தார். உங்கள் சின்ன வயதில் இங்கே எத்தனை வீடு என்று கேட்டேன். அந்த மனிதருக்கும் எண்ணுகிற வியாதி உண்டு போல, விரலை மடக்கிச் சரசரவென்று சொன்னார்.

"ஏழு ஊடுங்க. எங்கம்மா ஒம்பது பெத்துச்சு, மூணு நின்னுச்சு. காச்சல் வந்தா சேலத்துக்குத் தூளி கட்டித் தூக்கிட்டு எறங்கோணும், பாதி வழியிலயே முடிஞ்சிரும். எனக்கு நாலு பொறந்துது, நாலும் நிக்குது. பொண்ணை மஞ்சக்குட்டையில குடுத்திருக்கறனுங்க. ரோடு வந்துச்சு, ஆஸ்பத்திரி வந்துச்சு. சனம் பெருகிப் போச்சு பெருகிப் போச்சுங்கறாங்க. சாவாம இருந்தாப் பெருகத்தானுங்களே செய்யும்?"

பத்து வருடமாக நான் கரும்பலகையில் பிறப்பு விகிதம், இறப்பு விகிதம் என்று இரண்டு கோடு போட்டுக் காட்டுகிறேன். தூளியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது.

பஞ்சாயத்திலிருந்து வந்தவர் ஓர் இளம்பெண், ஸ்கூட்டியில் வந்தார், கையில் நீளமான படிவம். கோவிந்தனுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மூன்று மகன்களும் வரிசையாக நின்றார்கள். "தாத்தா, இங்க எத்தனை குடும்பம்?" என்று கேட்டார். மகன்கள் மூவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வெளி ஆள் வாயைத் திறக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது செல்வி உள்ளே போனாள். அடுப்பு பற்ற வைக்கும் சத்தம் கேட்டது. கதவை மூடவில்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு டம்ளர் டீயோடு வந்து, அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். "எங்க ஊட்டு டீங்க," என்று மட்டும் சொன்னாள். மூத்த மருமகள் அவளை ஒரு பார்வை பார்த்தார். இதோ சண்டை என்று நினைத்தேன். அவர் முன்கட்டுக்குள் போனார், இன்னொரு டம்ளரோடு வந்தார். தகர அறையிலிருந்து உடம்பு முடியாத தம்பி மனைவி, சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதைக் கொண்டுவந்தாள். படிவத்தின்மேல் வைக்க இடமில்லாமல் அந்தப் பெண் மூன்று டம்ளர்களையும் மடியோரம் வைத்துக்கொண்டு முழித்தார்.

கோவிந்தன் முறத்தைக் கீழே வைத்தார். "மூணையும் குடிச்சுப்போட்டு எழுதிக்க கண்ணு."

வேலு சட்டென்று திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் எழுத ஆரம்பித்தார். மூன்று குடும்பம், மூன்று கதவு. ஐந்து, நான்கு, நான்கு. கூட்டிப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

பெரியவரே கேட்டுவிட்டார். "என்னைய எந்த ஊட்டுல எழுதுவ, சாமி?"

எழுதப்படும் வீட்டில்தான் இருக்கவும் சாப்பிடவும் வேண்டும், முறை போட்டு மூன்று வீட்டில் எழுத முடியாது என்றார் அந்தப் பெண். பாவம், அவருக்கே சங்கடம். "பேசி முடிவு பண்ணிச் சாயங்காலம் ஆபீஸ்ல சொல்லுங்க," என்று வண்டியை எடுத்தார். மூன்று டீயையும் குடித்துவிட்டுத்தான் போனார். மகன்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அதற்குமேல் நான் அங்கே இருப்பது சரியில்லை. மதியம் 12.40-க்கு வந்த வண்டியில் ஏற்காடு திரும்பிவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். செவ்வாய் முதல் வியாழன்வரை போங்கள். சனிக்கிழமை காலை ஒன்பதுக்குமேல் மலைப்பாதையில் ஏறுகிற கார்களுக்குப் பின்னால் உள்ளூர்ப் பேருந்துகளும் ஆம்புலன்ஸும் சேர்ந்து நிற்கின்றன. ஷேர் ஜீப் நிரம்பினால்தான் கிளம்பும், அவசரப்படுத்தாதீர்கள். கையில் ஐந்து லிட்டர் தண்ணீர் கொண்டுபோய்விடுங்கள், ஊர்க் குழாயில் பாட்டிலை நிரப்பாதீர்கள். லாட்ஜில் வாளி வாளியாகக் குளிப்பவர்கள், அதுவும் இந்த மலையின் தண்ணீர்தான் என்பதை நினைத்துக்கொண்டால் நல்லது. வழியில் பார்க்கிற குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்கலாம், சந்தோஷமாகச் சொல்வார்கள். எத்தனை குடும்பம் என்று மட்டும் வீட்டுப் பெரியவர் எதிரில் கேட்டுவிடாதீர்கள். என்னிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

கணக்கு முடியாமல் ஊர் திரும்பும் ஆள் இல்லை நான். சனிக்கிழமை காலை 7.15-க்கு ஜீப் நிறுத்தத்துக்கே போய் நின்றேன். வேலு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது, கழுத்தை ஒரு பக்கமாகவே வைத்திருந்தார்.

"அப்பாவை எங்கே எழுதினாங்க?"

"செல்விதானுங்க சாயங்காலம் ஆபீஸுக்கு நடந்தே போயிச் சொன்னா. எங்க ஊட்டுல அஞ்சு பேருன்னு போட்டாச்சு. அண்ணன் கோவிச்சுக்கிச்சு, அப்புறம் அதுவே அப்பாவோட கட்டிலைத் தூக்கியாந்து போட்டுச்சு."

அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறை என் கண்முன் வந்தது. இரண்டு பெண் பிள்ளைகள், அடுப்பு, குடங்கள், இப்போது ஒரு கட்டில்.

"அத்தனை பேரும் எப்படிங்க படுக்கிறீங்க?"

வேலு ஜீப்பின் பின்கதவைத் திறந்து காட்டினார். நீள சீட்டில் ஒரு தலையணையும் மடித்த கம்பளியும் இருந்தன.

"நல்லாத்தானுங்க இருக்குது டீச்சர். காலை மட்டும் நீட்ட முடியலை."