நேற்றுகூட வோட் போட்டார்

யோகராஜ் அண்ணன் இறந்துவிட்டார்.

இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அதுவும் பஸ் ஜன்னல் வழியாக...

பொகவந்தலாவை பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நோர்வூட்டில் பஸ் நின்றபோது எதிரே ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். மழையில் வெளுத்து, ஒரு பக்கக் கயிறு அறுந்து தொங்குகிறது. அதில் அண்ணன் முகம்.

பையைத் தூக்கிக்கொண்டு அப்படியே இறங்கிவிட்டேன். பக்கத்தில் இருந்த பழக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"அவரு போயி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சேம்மா. கருமாதியும் முடிஞ்சிருச்சு. ஒங்களுக்குத் தெரியாதா?"

"இல்லைங்க... நேத்துகூட என் போஸ்டுக்கு வோட் போட்டாங்களே!"

அந்த மனுஷன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. உட்காரச் சொல்லி ஒரு பெட்டியை இழுத்துப் போட்டார்.

இங்கே பேஸ்புக்கில் உள்ளவர்களுக்கு அண்ணனைத் தெரிய நியாயமில்லை. பேஸ்புக்கை எப்போதோ தலைமுழுகியவர். ஹட்டனில் ஒரு பிரிண்டிங் கடையில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். கல்யாண கார்ட், திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல்... நான் டைப் அடிப்பேன், அவர் டிசைன் பண்ணுவார். எழுத்துப் பிழை விட்டால் தொலைந்தேன்.

ஒருமுறை 'இரங்கல்' என்பதை 'இரங்கள்' என்று அடித்துவிட்டேன்.

"ஏன் மலரு, செத்தவருக்குத்தான் படிக்க ஏலாது. எழவுக்கு வர்றவனுக்கும் ஏலாதா?"

கடையே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவரே போய் சாப்பிட ரோல்ஸ் வாங்கிவந்து என் கீபோர்ட் பக்கத்தில் வைத்தார். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. அவர் அப்படித்தான்.

அவர்தான் என்னை அந்த நெட்வொர்க்கில் சேர்த்துவிட்டார். பிளாக்செயினில் ஓடுகிற சோஷியல் மீடியா. எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

"பேஸ்புக்னா அடுத்தவன் செவுத்துல ஒட்டுற நோட்டீஸ் மலரு. அவன் நெனச்சா கிழிச்சிப் போட்ருவான். இங்க ஒருத்தனும் கிழிக்க ஏலாது."

அங்கே லைக் கிடையாது, வோட்தான். வோட் விழ விழ, காசாக மாற்றக்கூடிய கொயினும் சேரும். யார் போட்டாலும் போஸ்டுக்குக் கீழே அவர் பேர் விழும்.

அதுவரை என் ஒன்லைன் வாழ்க்கை என்றால் ரோஜாப்பூ வைத்த குட் மோர்னிங் படம். வந்ததை வந்தபடி ஷேர் பண்ணுவேன். சொந்தமாக நாலு வரி எழுதியதில்லை.

அங்கே எழுதினேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பீலியில் தண்ணீர் பிடிக்க நடக்கும் சண்டையைப் பற்றி... மலேசியாவில் இருந்து ஒருவர் "பீலி என்றால் என்ன?" என்று கேட்டிருந்தார். மலையில் இருந்து வரும் தண்ணீரைக் குழாய் வைத்து விழவிடுவதுதான் என்று பதில் சொல்லப் போய், அது இன்னொரு போஸ்ட் ஆகிவிட்டது. என்னிடம் ஒருத்தர் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

கல்யாணமாகி கந்தப்பளைக்குப் போன புதிதில், மாமியார் மேல் இருந்த கோபத்தை எல்லாம் அங்கே கொட்டிவிட்டேன். விடிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அண்ணனுக்கு போனில் கோல் எடுத்தேன்.

"அண்ணே, எப்படியாவது அழிச்சுத் தாங்க."

"அழிச்சாலும் பழசு உள்ளுக்குள்ளயே இருக்கும். நான்தான் அப்பவே சொன்னேனே." சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்! "கீழ இன்னொன்னு எழுது. இன்னிக்குக் கோவம் இல்லன்னு."

எழுதினேன். பொய்தான். அதற்கும் அவர் வோட் விழுந்தது.

கொயின் விலை சரிந்ததும் அதற்காக வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். மலேசியாக்காரரும் காணாமல் போனார். 'ஒலகமே இங்கதான் வரப்போவுது' என்று அண்ணன் அடித்துச் சொன்னது நடக்கவே இல்லை.

நான் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தேன். போஸ்ட் போட்டுக் கொஞ்ச நேரத்தில் கீழே அண்ணன் பேர் விழும். சரி, பார்த்துவிட்டார்... எனக்கு அது போதுமாக இருந்தது. கொமெண்ட் வருவது எப்போதோ நின்றுபோயிருந்தது. பேர்தான் விழுகிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

பழக்கடைக்காரர் வழி காட்ட, பஜாருக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குப் போனேன். அண்ணி கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஒங்களுக்குச் சொல்ல நம்பர் தெரியலையே மலர். அவரு போனு லொக். சீனி வருத்தம் முத்தி, அந்த நோயிலயே கண்ணு போயிருச்சும்மா. போன தீவாளிக்கு முன்னாடியே ஒரு எழுத்துத் தெரியல. அதுக்கப்புறம் போனத் தொடவே இல்ல. யாருகிட்டயும் சொல்லாதன்னுட்டாரு. கடைசியில நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

போன தீவாளிக்கு முன்னாடியே...

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நான் வேலையை விட்டுக் கிளம்பிய அன்று சொன்னார். "ஒன் பேர ஓட்டோமெட்டிக்ல போட்டுட்டேன் மலரு. இனி நான் தூங்குனாலும் ஒனக்கு வோட் விழும்." சிரித்தேன். மறந்தும் போனேன்.

எதையெல்லாம் அண்ணன் படித்தார், எதற்கெல்லாம் மெஷின் போட்டது... இனி யாரிடம் கேட்பேன்? பீலி போஸ்ட்டைப் படித்தார், அது தெரியும்; அப்போது கடையில் பக்கத்திலேயே இருந்தார். மகள் பிறந்ததை எழுதினேனே, அதை?

கண் தெரியாமல் அங்கே அவர் இருந்திருக்கிறார். இங்கே நான் அவருக்கென்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அண்ணே... கோல் எடுத்து வாசித்துக் காட்டியிருப்பேனே.

திரும்பி வரும்போது பேனரை நன்றாகப் பார்த்தேன். 'ஆழ்ந்த இரங்கள்' என்று போட்டிருக்கிறது. அவர் பேனரிலேயே. நடுரோட்டில் நின்று அழுதேன்.

இதை முதலில் அங்கேதான் போட்டேன். போட்டுவிட்டு டீ ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தால்...

கீழே அண்ணன் பேர்.

ஆழ்ந்த இரங்கல் அண்ணே. சரியாத்தான் அடிச்சிருக்கேன்.

போயிட்டு வாங்க.