காப்பி கொட்டுவதற்குப் பென்ஷன்

சட்டைக் காலரை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, "நீ யாரு பெத்த பிள்ளைடா?" என்று கறையிடம்தான் கேட்பார் அக்கா. ஹோட்டலின் அடித்தளத்தில், மெஷின்கள் உருண்டுகொண்டே இருக்கும் சலவைக்கூடத்தில், எல்லாருக்கும் அவர் அக்காதான்; அவரைவிட மூத்தவர்களுக்கும். மோந்து பார்ப்பார், நகத்தால் சுரண்டுவார். "லிப்ஸ்டிக்கு. ஆனா நேத்து இவங்க தலகாணி உறையில பார்த்த கலரு இது இல்ல," என்று கண்டுபிடித்துவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒற்றுவார். வெளியே மூச்சு விடமாட்டார்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. காதில் விழும் இங்கிலீஷ் சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டால், அது பழகும்வரை எல்லாரையும் பாடாய்ப் படுத்திவிடுவார். ஒரு நாள், அங்கே தங்கியிருந்த அம்மாள் ஒருத்தி காப்பிக் கறைச் சட்டையோடு தானே இறங்கி வந்து, தன் கணவருக்குக் காப்பியைக் கொட்டிக்கொள்வதில் ஒரு 'பென்ச்சன்ட்' என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். அக்காவின் காதில் விழுந்தது பென்ஷன்.

"காப்பி கொட்டுறதுக்கெல்லாம் பென்ஷனா! குடுத்துவச்ச மனுஷன்," என்று மூக்கில் விரல் வைத்தார்.

வரவேற்பு மேசைப் பெண்தான் விளக்கினாள்: ஒன்றின் மேல் மனசு போய்ப் போய்ச் சாய்கிறதே, அந்த விடாத பிரியம்தான் அதுவாம். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். இஸ்திரி போடுகிறவர், "இந்த மெஷினுக்கு அடிக்கடி நின்னுபோற பென்ச்சன்ட்," என்றதும் பாய்ந்தார்.

"மெஷினுக்கு ஏதுய்யா ஆசை? அது சும்மா பழக்கதோஷம், டென்டன்சின்னு சொல்லு. பென்ச்சன்ட் ஆசைப்படுற உசுருக்குத்தான். பின்னாடியே 'ஃபார்'னு ஒண்ணு வரும், விட்டுறாத. புதுப்பொண்ணு கூட நாத்தனார் வர்ற மாதிரி ஒட்டிக்கிட்டே வரும்."

வீட்டில் கணவருக்கும் விடுதலை இல்லை. "உங்களுக்குக் குறட்டை பென்ச்சன்டா, டென்டன்சியா?"

"என் உசுர எடுக்குறதுல உனக்கு எதுவோ, அதேதான் எனக்கும்," என்றார் அவர், புரண்டு படுத்துக்கொண்டே.

இத்தனைக்கும் பின்னால் ஒரு வலி இருந்தது. சூப்பர்வைசர் வேலைக்கான நேர்காணலில் இரண்டு முறை தோற்றவர் அக்கா. கேள்வி புரியும், பதிலும் தெரியும். மேலாளர் முகத்தைக் கண்டதும் இங்கிலீஷ் மட்டும் தொண்டையிலேயே நின்றுவிடும். போன முறை, அவர் கைபிடித்துத் தொழில் காட்டிய பெண்ணுக்கே வேலை கிடைத்தது. "நல்லா இரும்மா," என்று வாழ்த்திவிட்டு, அழுக்குத்துணிக் குவியலுக்குப் பின்னால் போய் அழுதார். இப்போது அந்தப் பெண் வேறு ஊருக்குப் போகிறாள், இடம் மறுபடி காலி. இந்தத் தடவையும் வாய் திறக்கவில்லையென்றால் இனி அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் மாடி ஏறினார்.

இந்த வேலைக்கு ஏன் நீங்கள் என்று மேலாளர் கேட்டார். அக்கா தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"ஐ ஹேவ் எ பென்ச்சன்ட் ஃபார் ஸ்டெயின்ஸ், சார்."

"ஃபார் ரிமூவிங் ஸ்டெயின்ஸ்," என்று திருத்தினார் மேலாளர்.

பழைய அக்காவாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்திருப்பார்.

"நோ சார். ரிமூவிங் இஸ் ஜாப். ஸ்டெயின்ஸ், ஐ லவ்."

மேலாளர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். தன் டையைத் தூக்கி, அதில் இருந்த ஒரு கறைப் புள்ளியைக் காட்டினார். அதன் பிறகு அக்காவுக்கு இலக்கணமாவது ஒன்றாவது! குனிந்து பார்த்தார், மோந்தார்.

"டொமேட்டோ சாஸ். யூ புட் ஹாட் வாட்டர். வெரி ராங், சார்!"

மேலாளர் டையைத் தளர்த்தித் தலைவழியே கழற்றினார். "நாளைக்கே வேணும், சூப்பர்வைசர்."

கீழே எல்லாரும் மெஷின்களை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். கதவு திறந்தது. அக்கா உள்ளே வந்தார். கழுத்தில் மேலாளரின் டை தொங்கியது. நடுக்கூடத்துக்கு வந்து நின்று, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அதன் முடிச்சை மேலே ஏற்றி இறுக்கினார்.