உறவுகள் சொல்லப்படாத ஜனாஸா அறிவித்தல்

ஆதம்பாவா சேர் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு வந்தபோது, அது அவர்தான் என்று விளங்கவில்லை. பழைய மாணவன் ஒருவன் கைப்பேசியில் அனுப்பியிருந்தான்: “நிந்தவூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆதம்பாவா அவர்கள் வபாத்தானார்கள். ஜனாஸா நல்லடக்கம் இன்று அஸர் தொழுகையின் பின்னர்.” அவ்வளவுதான். யாருடைய மகன், யாருடைய கணவர், யாருடைய வாப்பா என்று ஒரு சொல் இல்லை. நிந்தவூரில் அந்தப் பெயரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் இருக்கிறார்கள். மாணவனை அழைத்து எந்த ஆதம்பாவா என்று கேட்டேன். “நம்மட புவியியல் சேர்தான்” என்றான். நான் காரைதீவிலிருந்து புறப்படுவதற்குள் சம்மாந்துறையிலிருந்து ஒருவர் என்னை அழைத்து அதே கேள்வியைக் கேட்டார்.

இந்தக் கரையோர ஊர்களை அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே முஸ்லிம் வீடொன்றில் மௌத்து நடந்தால், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வரும் அறிவித்தலில் இறந்தவரின் பெயர் ஒரு வரி. உறவுகள் பத்து வரி. இன்னாரின் மகன், இன்னாரின் மச்சான், இன்னாரின் சாச்சா, இன்ன குடியைச் சேர்ந்தவர் என்று போய்க்கொண்டே இருக்கும். அதைக் கேட்டுத்தான் சனம் எழும்பும். உறவு சொல்லாத அறிவித்தல் என்றால், கரையொதுங்கிய, பேர் ஊர் தெரியாத உடலுக்குத்தான் நான் கேட்டிருக்கிறேன். ஊரிலுள்ள எல்லா மையித்துகளுக்கும் உறவு சொல்லிக் கொடுத்த மனிதர், தான் போகும்போது அப்படிப் போனார்.

நாங்கள் இருவரும் நிந்தவூரில் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். அவர் புவியியல், நான் தமிழ். ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. எல்லார் கையிலும் கைப்பேசி வந்த பிறகு, ஊரின் ஜனாஸா அறிவித்தல்களுக்கென்று வாட்ஸ்அப் குழு ஒன்றை அவர் தொடங்கினார். தானே குரல் பதிந்து போடுவார். நல்ல கனத்த குரல். பதிவதற்கு முன் குறைந்தது நாலு வீட்டுக்காவது அழைத்து விசாரிப்பார். “மூத்தவர் கட்டார்லயா, குவைத்லயா? ரெண்டாந்தாரத்துப் பிள்ளைகள் எத்தின?” என்று இடைவேளை முழுவதும் அதே கதை. நாங்கள் அவரை மௌத்துப் பதிவாளர் என்று பகிடி பண்ணுவோம். சிரிப்பார். ஆனால் விசாரிப்பதை நிறுத்த மாட்டார்.

ஒருமுறை வயல் வரம்புச் சண்டையில் வருடக்கணக்காக முகம் பார்க்காத அண்ணன் தம்பியில் அண்ணன் இறந்தார். தம்பியின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். இவர் சொன்னார். அதுவும் உடன்பிறந்தார் வரிசையில் முதலாவதாக. தம்பி அட்டாளைச்சேனையிலிருந்து வந்து அண்ணனின் சந்தூக்கைத் தோளில் சுமந்தான். ஏன் சேர் உங்களுக்கு இந்த வேலை என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இப்போதும் காதில் கிடக்கிறது. “மௌத்துல ஒராளையும் உடப்படாது சேர். உசிரோட இரிக்கக்குள்ள உட்டதெல்லாம் போதும்.”

என் அம்மா காலமானபோது அதே குழுவில், அதே குரலில், காரைதீவில் ஒரு சைவக் கிழவியின் மரணத்தை அவர் அறிவித்தார். அம்மாவின் சகோதரர்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், எங்கள் குடி எல்லாவற்றையும் எங்கே விசாரித்தாரோ தெரியாது, ஒன்றும் பிசகவில்லை. கடைசியாக, “எங்கட தவராசா சேர்ட அம்மா” என்று சேர்த்திருந்தார். அந்த அறிவித்தலைக் கேட்டு நிந்தவூரிலிருந்தும் மாளிகைக்காட்டிலிருந்தும் வந்த சனத்துக்கு எங்கள் முற்றத்தில் கதிரை போதவில்லை. அன்று நான் அழுததில் பாதி அம்மாவுக்காக இல்லை.

பிறகு தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த வருடம் வந்தது. கொலை செய்தவர்களைத் தேடுவதை யார் குறை சொல்வார்? ஆனால் தேடியது அவர்களை மட்டுமல்ல. கொழும்பிலிருந்து வந்த புலனாய்வுப் பொலிஸார் ஒரு காலைத் தொழுகை முடிந்த கையோடு ஆதம்பாவா சேரை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். கைப்பேசியும் போனது. எந்த நீதவானின் கட்டளையும் இல்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அது தேவையும் இல்லை. அமைச்சர் ஒருவரின் கையெழுத்து இருந்தால் மாதக்கணக்கில் உள்ளே வைத்திருக்கலாம்.

அவர் செய்த குற்றம் என்னவென்று கேளுங்கள். இறக்காமத்தில் வயல் செய்த முதியவர் ஒருவரின் மௌத்தை இவர் அறிவித்திருந்தார். வழக்கம்போல உறவுகள் எல்லாவற்றையும் சொன்னார். அதில் முதியவரின் மருமகன் ஒருவனின் பெயரும் இருந்தது. அந்த மருமகனைப் பிற்பாடு பாதுகாப்புப் படையினர் தேடினார்கள். அந்தப் பெயரை வாயால் சொல்லியிருக்கிறார், ஆகவே ஆளை அறிந்திருக்கிறார் என்பது அவர்களின் கணக்கு. அவனை இவர் ஒருமுறையும் கண்டதில்லை.

அது தொடக்கம்தான். கைப்பேசியில் இருந்த அறிவித்தல்கள் முழுவதையும் யாரையோ வைத்து மொழிபெயர்த்து, அவற்றிலிருந்து ஊரின் உறவுகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார்களாம். கோடுகளும் வட்டங்களுமாக, யார் யாருக்கு மச்சான், யார் வீட்டில் யார் பெண் எடுத்தது என்று எல்லாம். புவியியல் படிப்பித்தவருக்கு அது தன் குரலிலிருந்து வந்த படம் என்று பார்த்த உடனே விளங்கியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளரை வைத்து விசாரித்த அதிகாரி, என் அம்மாவின் அறிவித்தலைக் காட்டி, தமிழ்க் கிழவிக்கும் உனக்கும் என்ன தொடர்பு என்றும் கேட்டாராம். விசாரணை முடிவில் அந்த அதிகாரி சொன்ன வார்த்தையை ஆதம்பாவா சேர் எனக்கு ஒரே ஒருமுறைதான் சொன்னார்.

“ஒங்களுக்கு நன்றி செல்லணும் மாஸ்டர் எண்டான். நாங்க வருசக்கணக்கா செய்யிற வேலைய நீங்க செஞ்சி தந்திரிக்கீங்க எண்டான்.”

அடித்ததைப் பற்றி அவர் பேசியதில்லை. வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியதைப் பற்றியும் அதிகம் பேசியதில்லை. அந்த நன்றிதான் அவரைக் கொன்றது. மாரடைப்பு என்று வைத்தியர் எழுதியிருக்கிறார், எழுதட்டும்.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக விசாரணைக்கு அழைத்தார்கள். உப்பாவின் மௌத்தில் பேரன் என்று பெயர் வந்த இளைஞனை, மாமியின் மௌத்தில் மருமகன் என்று பெயர் வந்த கடைக்காரனை. கட்டாருக்குப் போக விசா எடுத்திருந்தவனை விமான நிலையத்தில் திருப்பி அனுப்பினார்கள். சிலர் ஒரு பகலில் திரும்பினார்கள், சிலர் திரும்ப மாதங்கள் ஆகின. ஆனால் போனவர் எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்டார்களாம்: ஆதம்பாவாவை உனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் தமிழ் ஆட்களுக்கு இது புதிதல்ல. யுத்த காலத்தில் இராணுவத்தினர் எங்களை வீதியில் வரிசையாக நிறுத்துவார்கள். ஜீப்புக்குள் சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் இருப்பான். ஒரு பையனைப் பார்த்து அவன் தலையாட்டினால் அந்தப் பையன் வீடு வரமாட்டான். தலையாட்டி என்று அவனுக்குப் பெயர். நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். ஆனால் அவனுக்குத் தான் செய்வது என்னவென்று தெரிந்திருந்தது. இந்த மனிதரிடம் கேட்காமலே, அவர் குரலை எடுத்து, அவரை அந்த ஜீப்புக்குள் இருத்திவிட்டார்கள். சாக்கு மட்டும் போடவில்லை, ஏனென்றால் ஊருக்கு அவர் முகம் தெரிய வேண்டும்.

ஊரும் அவரைக் கைவிட்டது. அதைச் சொல்லாமல் நல்ல வார்த்தையாக எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பிணையில் அவர் வந்தபோது பார்க்கப் போனவர்கள் சிலர்தான். தேநீர்க் கடையில் அவர் உட்கார்ந்தால் கதை நின்றுவிடும். தெருவில் கண்டவர்கள் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார்கள். அவர் குரல் பதிவுகளையெல்லாம் ஊரே அழித்துவிட்டது. ஒரு நாள் நான் அவர் வீட்டில் இருந்தபோது, மகன் இன்னும் உள்ளே இருக்கும் ஒரு தாய் படலையடிக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

“எங்கட புள்ளட பேர ஏன் சேர் செல்லின நீங்க?” என்று கேட்டாள். “ஆரு ஒங்கள்ட்ட கேட்ட?”

அவளுடைய வாப்பாவின் மௌத்தில்தான் அந்தப் பெயரைச் சொன்னார். ஒரு பெயரும் விட்டுப்போகக் கூடாது என்று அவரை நேரில் வந்து கேட்டவளும் அவள்தான். நான் அதைச் சொல்ல எழும்பினேன். அவர் என் கையைப் பிடித்து இருத்தினார். அவள் போகும்வரை தலை நிமிரவில்லை. போன பிறகு, “அவட கோவம் போக வேண்டிய இடம் தூரம் சேர், என்ட வீடு கிட்ட” என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, இப்போதும் இல்லை.

வழக்கு என்று ஒன்று கடைசிவரை வரவில்லை. குற்றப்பத்திரிகை இல்லை, விடுதலையும் இல்லை. மாதாமாதம் பொலிஸுக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு, கைப்பேசியைக் கேட்பார். விசாரணை முடியவில்லை என்பார்கள். அந்தச் சட்டத்தை நீக்குகிறோம் என்று வந்த அரசாங்கங்கள் வேறு பெயரில் வேறு சட்டம் எழுதுவதில் முனைந்தன; இணையத்தில் நாம் கதைப்பதற்கும் ஒரு சட்டம் வந்துவிட்டது. அதை நான் வாசித்துக் காட்டியபோது, இனி மௌத்தாகிறதுக்கும் அனுமதி எடுக்க வேண்டி வரும் என்றார். அந்த வருடங்களில் அவர் சொன்ன ஒரே பகிடி அதுதான்.

அவர் குழுவை நிறுத்திய பிறகு ஊரின் அறிவித்தல்கள் மெல்லச் சுருங்கின. பேரப்பிள்ளைகளின் பெயரை விடுங்கள் என்றார்கள், பிறகு மருமக்களை விடுங்கள் என்றார்கள். ஆனாலும் பெற்ற பிள்ளைகளின் பெயரை யாரும் விட்டதில்லை. அதையும் விட்டவர் இவர் ஒருவர்தான். போன நோன்புப் பெருநாளுக்கு நான் போயிருந்தபோது அதை எனக்குச் சொல்லிவைத்தார்.

“என்ட மௌத்துக்கு என்ட பேரு மட்டும் காணும். மகள்ட பேரு, மருமகன்ட பேரு, ஒண்டும் வேணா. மகளுக்கும் செல்லிட்டன்.”

“அப்ப ஆர் எண்டு சனத்துக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“தெரியாட்டி வரமாட்டாங்க. வராட்டி ஒருத்தனையும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டானுகள்.”

நான் அவருடன் சண்டை பிடித்தேன். உங்களைப் பிடித்துக்கொண்டு போனவனுக்கு உங்கள் மௌத்தையும் கொடுக்கப் போகிறீர்களா என்று கத்தினேன். அவர் வட்டிலாப்பத் தட்டை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, பெருநாள் இனிப்பு, தின்னுங்க என்றார்.

ஜனாஸாத் தொழுகைக்கு ஒன்றிரண்டு வரிசைகள்தான் சேர்ந்தன. நான் பள்ளிவாசல் வெளிமதிலருகே நின்றேன். எதிர்ப்புறம் மோட்டார் சைக்கிளில் சாதாரண உடையில் வந்த இருவர், போனவர் வந்தவர் எல்லாரையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மறைக்கவும் இல்லை. ஆதம்பாவா சேர் சரியாகத்தான் கணித்திருக்கிறார். அதை நினைத்தபோது எனக்கு இன்னும் கோபம் வந்தது. மறுநாள் முழுவதும் எனக்கு அழைப்புகள். எங்கட ஆதம்பாவா சேர் என்று தெரியாமல் போய்விட்டதே என்றார்கள். சிலர் உண்மையாகவே தெரியாமல் இருந்தவர்கள். சிலருக்கு நன்றாகத் தெரியும். எது எவர் என்று நான் விசாரிக்கவில்லை. அந்த வேலைக்குத்தான் ஆட்கள் இருக்கிறார்களே.

அவரை அறிந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு குரல் பதிவு. என் அம்மாவின் மரணத்தை அவர் அறிவித்தது. ஊரே அழித்தபோதும் நான் அழிக்கவில்லை. அதன் இன்னொரு பிரதி கொழும்பில் ஏதோ ஒரு அலுவலகத்தில் இருக்கிறது. அங்கே அது சாட்சியம், இங்கே அது என் அம்மா. அவரை அடக்கிய பின்னர் வந்த செவ்வாய்க்கிழமை அதைப் போட்டுக் கேட்டேன். எங்கள் உறவுகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், ஒருவரும் விடுபடாமல் வந்துகொண்டிருந்தார்கள்.

அவர் வீட்டாரின் பெயர் எதையும் இந்தக் கட்டுரையில் நான் எழுதவில்லை. அவர் கேட்டுக்கொண்டது அதுதான், காப்பாற்றிவிட்டேன். ஆனால் என் பெயரைச் சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் சொன்னதில்லை. ஆகவே அந்த அறிவித்தலைத் திருத்தி இங்கே மீண்டும் தருகிறேன். படம் வரைகிறவர்கள் இன்னுமொரு கோடு போட்டுக்கொள்ளட்டும்.

நிந்தவூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆதம்பாவா அவர்கள் வபாத்தானார்கள். அன்னார், காரைதீவு தவராசாவின் சிநேகிதர் ஆவார்.